நாய்க்கு வெற்றிலை பாக்கு

எங்கள் வீட்டுக்கு நாய் வந்தது குரங்குக்காகத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் தெருவில் வேறு மாதிரி பேசினார்கள். கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகியும் பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்தால், எதற்காக வந்தது என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. அவர்களே ஒரு காரணத்தை முடிவு பண்ணி, அதற்காக நம்மைப் பார்த்து உச்சுக்கொட்டிவிட்டும் போய்விடுகிறார்கள்.

செஞ்சியில் குரங்குகளுக்குக் கோட்டை போதவில்லை. மலையில் வெயில் ஏறியதும் இறங்கி ஊருக்குள் வந்துவிடும். எங்கள் மாடியில் வடகம் காயப்போட முடியாது, மிளகாய் காயப்போட முடியாது. ஒருநாள் ஒரு குரங்கு என் வீட்டுக்காரரின் புது வேட்டியை எடுத்துக்கொண்டுபோய் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து நிதானமாகக் கிழித்தது. அவர் கீழே நின்று கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சுபாவம் அப்படி. பெயர் பார்த்திபன். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர். கிணற்று மோட்டார் கருகிப்போனால் அவர் கடைக்குத் தூக்கிக்கொண்டு வருவார்கள். பழைய செம்புக் கம்பியை எடுத்துவிட்டுப் புதுசு சுற்றிக் கொடுப்பார். சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்வார். சொல்லாததை அவர் செய்து நான் பார்த்ததில்லை.

வேட்டி போன மறுவாரம் அவலூர்பேட்டைப் பக்கம் ஒரு கிணற்றுக்கு மோட்டார் மாட்டப் போனார். திரும்பும்போது சட்டைக்குள் ஒரு நாய்க்குட்டியைப் போட்டுக்கொண்டு வந்தார். செவலை நிறம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருந்தது. மோட்டார் கொட்டகையில் தனியாகக் கிடந்ததாம்.

"கொரங்குக்கு ஆச்சு" என்றார்.

அன்று சாயங்காலமே குரங்கு வந்தது. குட்டி அதைப் பார்த்தது, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. இன்றுவரை குரங்கு விஷயத்தில் அதனுடைய நிலைமை இதுதான்.

சரி, வந்த நாய்க்குப் பேர் வைக்கவேண்டும். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

அவர் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்தார். "பேரு சின்னதா இருக்கணுமாம் ஷோபா. கூப்புட்டா டக்குனு திரும்பணுமாம். வா, போ, உக்காருன்னு நாம சொல்றது மாதிரியே காதுல வுழக்கூடாதாம்."

வீடியோ போட்டவருக்கு எங்கள் தெருவைத் தெரியாது. எங்கள் தெருவில் நாய்ப் பெயர்கள் எல்லாம் நாய்களுக்கு ஏற்கெனவே போய்விட்டன. மணி என்று கூப்பிட்டால் மூன்று வரும். டைகர் இரண்டு இருக்கின்றன, அதில் ஒன்று பெட்டை. ஜிம்மி மட்டும் ஆடி மாசம் லாரியில் அடிபட்டுப்போனதால் அந்தப் பெயர் காலியாக இருந்தது. ஆனால் ஜிம்மியின் வீட்டுக்காரர்கள் இன்னும் துக்கத்தில் இருந்தார்கள். அவர்கள் வாசல் வழியாக "ஜிம்மி ஜிம்மி" என்று கத்திக்கொண்டு போக எங்களுக்கு மனசு வரவில்லை.

மனுஷப் பெயர் வைக்கலாம் என்றால், அவை மனுஷர்களிடம் இருக்கின்றன. அதில் எனக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறேன். காலையிலிருந்து பெயரைக் கூப்பிட்டு, கையை நீட்டச் சொல்லி, ஊசி போட்டு ரத்தம் எடுப்பதுதான் வேலை. செஞ்சியிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் நான் கூப்பிடாத பெயர் குறைவு. எனக்குப் பெயர் தனியாக ஞாபகம் வராது, ரிசல்ட்டோடுதான் வரும். இதையெல்லாம் வெளியில் சொல்லக்கூடாது. வீட்டுக்காரரிடம் சொல்வது வெளியில் சொன்னதாகாது என்பது என் எண்ணம்.

"தொரன்னு வெக்கலாமா?" என்பார் அவர், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"தொரக்கண்ணுக்குச் சுகர் முன்னூத்தி இருவது."

"பாலு?"

"பாலமுரளிக்குக் கொலஸ்ட்ரால்."

"வளரு?"

"வளர்மதிக்கு ரத்தமே இல்ல. எப்பிடி நடந்து வந்தாங்கன்னே தெரியல. அதுவும் இல்லாம, இது ஆண் நாய்."

அவர் யோசித்தார். "இனியன்? புதுசா இருக்குது."

"போன மாசம் டெங்கு."

அவர் ரசத்துக்குத் தட்டை நீட்டினார்.

கீழ்வீட்டு உண்ணாமலை அக்காவும் இதில் சேர்ந்துகொண்டார். நாங்கள் குடியிருக்கும் வீடு அவருடையதுதான். அவர் புருஷனுக்குக் கடைத்தெருவில் எண்ணெய்க் கடை. நல்ல மனசு, ஆனால் வாயைத் திறந்தால் முதலில் 'கூடாது' தான் வரும். "சாமி பேரு வெக்காத ஷோபனா, பாவம். ராஜான்னு வெக்காத, எங்க பேரன வூட்டுல அப்பிடித்தான் கூப்புடறோம். தேசிங்குன்னு கீது வெச்சிராத, ஊரே கூடி அடிக்க வரும்."

"அப்ப இன்னாதான் வெக்கறதுக்கா?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? வெக்கக்கூடாததுதான் எனக்குத் தெரியும்." படியிறங்கப் போனவர் நின்று திரும்பினார். "ஆனா ஒண்ணு. ரெண்டு பேரும் புள்ளைக்குத் தேடற மாதிரியில்ல தேடறீங்க."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று லேபுக்குப் போய் முதல் ஆளுக்கு நரம்பு கிடைக்காமல் இரண்டு தடவை குத்தினேன். எனக்கு அப்படி ஆகிறதே இல்லை.

எனக்குப் பிள்ளை வேண்டும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பார்க்காத டாக்டர் இல்லை, என் ரத்தத்தை நானே எடுத்துப் பார்க்காத நாள் இல்லை. கடைசியில் தத்து எடுத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். அவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. "அக்காவக் கேக்கணும்" என்றார்.

அக்கா என்றால் ரஞ்சிதம் அண்ணி, அவருடைய கூடப்பிறந்த அக்கா. வல்லத்தில் இருக்கிறார். மாமியார் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டதால் இவரைத் தூக்கி வளர்த்தது அண்ணிதான். இவர் கடைக்கு அங்காளம்மன் மோட்டார் ஒர்க்ஸ் என்று பேர் வைத்தது அண்ணி. கல்யாணத்துக்குத் தேதி குறித்தது அண்ணி. என்னைப் பெண் பார்க்க வந்தபோது பார்த்ததும் அண்ணிதான், இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதோடு எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பேர் வைப்பதும் அத்தைதான். அப்பனின் கூடப்பிறந்தவளை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவேண்டும். அவள் அரணாக்கொடி வாங்கிக்கொண்டு வருவாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு காதில் மூன்று தடவை பேரைச் சொல்லுவாள். அதற்கப்புறம்தான் பெற்றவளே அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடலாம். அத்தை வராமல் வைத்த பேர் ஒட்டாது என்பார்கள். எங்கிருந்தோ வருகிற பிள்ளைக்கு அண்ணி வரமாட்டேன் என்றுவிட்டால் என்ன செய்வது? அதுதான் அவருடைய பயம். எனக்கும்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்கவும் கேட்டோம். வல்லத்தில் அண்ணி வீட்டில் விதைக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தோம். பேச்சோடு பேச்சாக நான்தான் ஆரம்பித்தேன். அண்ணி உரிப்பதை நிறுத்தவில்லை. "யாரு வூட்டுப் புள்ளையோ" என்றார். அப்படியே எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். நாங்கள் கிளம்பி பஸ் ஏறும்வரை திரும்பி வரவே இல்லை. பஸ்ஸில் இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "அக்காவுக்கு இஷ்டமில்ல" என்றார். அதோடு முடிந்தது. நேராக இன்னொரு தடவை கேளுங்கள் என்று எத்தனையோ சொன்னேன். "எழுந்து போய்ட்டாளே, அப்பறம் இன்னாத்தக் கேக்கறது?" என்பார். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. ரோஷம் வந்தால் நான் சண்டை போடமாட்டேன், மரியாதையாகப் பேச ஆரம்பித்துவிடுவேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போய் அண்ணியிடம் மிகவும் மரியாதையாகப் பேசிவிட்டு வந்தேன்.

இப்போது நாய்க்கு வருகிறேன்.

வந்து ஒரு மாசமாகியும் நாய்க்குப் பேர் இல்லை. நான் "இந்தா" என்பேன், அவர் "டேய்" என்பார். அது எதற்கும் திரும்பாது, பால் கிண்ணம் சத்தத்துக்கு மட்டும் வரும். ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது அவர் ரொம்ப யோசனையாகச் சொன்னார்: "அக்காவ ஒரு வார்த்த கேக்கலாமா?"

எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. "கேளுங்க. நல்லாக் கேளுங்க. இந்த வூட்டுல நாய்க்குக்கூட உங்க அக்காதான் வந்து சொல்லணும். சும்மாக் கேட்டாப் பத்தாது. வெத்தல பாக்கு, பழம், பூவு எல்லாம் வெச்சி மொறையா அழைங்க. பொடவையும் எடுத்து வெய்ங்க!" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கொண்டுபோய் டம் என்று போட்டேன்.

நான் கோபமாக இருக்கிறேன் என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டே, "அக்காவும் மாமாவும் வராங்க" என்றார்.

"எதுக்கு?"

"பேர் வெக்கத்தான். நீதான சொன்ன."

நடந்தது இதுதான். வல்லத்திலிருந்து அண்ணியின் வீட்டுக்காரர் தாண்டவராயன் அண்ணன் தன்னுடைய மோட்டாரை எடுத்துப்போகக் கடைக்கு வந்திருக்கிறார். இவர் கடைத்தெருவுக்கு ஓடிப்போய் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம், பூ, மஞ்சள் குங்குமம், ஒரு புடவை எல்லாம் வாங்கி மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்திருக்கிறார். "ஞாயித்துக்கெழம அக்காவக் கூட்டிக்கினு வா மாமா. வூட்டுல பேர் வெக்கணும். இதோ, இவனுக்குத்தான்" என்று தாடையால் காட்டியிருக்கிறார். தினமும் கடைக்குக் கூடவே போகும் நாய் அப்போது மோட்டாருக்குப் பின்னால் படுத்திருந்தது.

தாண்டவராயன் அண்ணன் அதிகம் பேசமாட்டார், எதையும் திருப்பிக் கேட்கவும் மாட்டார். தாடை காட்டிய பக்கம் அவருக்குத் தெரிந்தது மோட்டார்தான். மோட்டாருக்கு யாரும் பேர் வைப்பதில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால் தலையை ஆட்டிவிட்டு, பையை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

இதையெல்லாம் நான் அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்று காலையில் எனக்குத் தெரிந்தது, நாய்க்கு வெற்றிலை பாக்கு வைத்த ஒரே குடும்பம் செஞ்சியில் எங்கள் குடும்பம்தான் என்பது மட்டும். தலையில் அடித்துக்கொண்டு கேசரி கிளறினேன்.

வெயில் ஏறுவதற்குள் ஆட்டோ வந்து நின்றது. வல்லத்திலிருந்து பஸ்ஸிலேயே வருகிற அண்ணி ஆட்டோ பேசிக்கொண்டு வந்தது எனக்கு முதல் ஆச்சரியம். பட்டுப்புடவை கட்டியிருந்தார், அது இரண்டாவது. படியேறி வந்ததும் உள்ளே நுழையாமல் குழாயடியில் கையையும் காலையும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். அண்ணனையும் கழுவச் சொன்னார். அவர் கழுவினார்.

உள்ளே வந்து மெதுவாக, ரகசியம் மாதிரி கேட்டார். "தூங்குதா?"

"இல்லக்கா. இப்பத்தான் பால் குடிச்சிது" என்றார் இவர். அண்ணி மெதுவாகப் பேசியதால் இவரும் மெதுவாகப் பேசினார்.

"பையனா, பொண்ணா?"

"பையன்தான்."

அண்ணி தலையசைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். ஒரு சின்ன டப்பா. அதில் பஞ்சுமேல் வெள்ளி அரணாக்கொடி. அதற்கடியில் மடித்த ஒரு பழைய நூல் புடவை, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்டது. "எங்கம்மா பொடவ" என்று என்னிடம் சொன்னார். "இவன இதுல போட்டுத்தான் ஆட்டினேன். தூளிக்குப் புதுசு ஆவாது, ஒடம்ப அறுக்கும்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. கையிலிருந்த கேசரித் தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இவருக்குப் புரியவில்லை. நாய்க்கு எதற்குத் தூளி என்று ஒரு நிமிஷம் யோசித்த மாதிரி இருந்தது. அக்கா செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்.

"எங்கருந்துடா?" என்று கேட்டார் அண்ணி.

"அவலூர்பேட்ட பக்கம்கா. ஒரு கெணத்து மோட்டார் கொட்டாயில கெடந்தான்."

அண்ணி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். "கெணத்தாண்டயா?"

"ஆமாக்கா. தனியாக் கெடந்தான். கத்திக்கினே இருந்தான். நான்தான் சட்டைக்குள்ள போட்டு எடுத்தாந்தேன்."

அண்ணியின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. துடைக்கவே இல்லை. இவரை அப்படிப் பெருமையாக அவர் பார்த்து நான் பார்த்ததில்லை. என் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். "யாரு பெத்தா இன்னாமா? யாரோ பெத்தாங்க. இனிமே நம்ப புள்ள. எவனாவது ஒரு வார்த்த பேசட்டும், நான் இருக்கறேன்" என்றார்.

இந்த வார்த்தைக்காக நான் இரண்டு வருஷம் காத்திருந்தேன். வந்தேவிட்டது, இதோ எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டு அண்ணியே சொல்கிறார், ஆனால் சொன்னது ஒரு நாயை நினைத்து. நான் உடனே சொல்லியிருக்கவேண்டும். சொன்னால் அந்த வார்த்தை திரும்பிப் போய்விடும் என்று பயமாக இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அது வீட்டில் இருக்கட்டும் என்று இருந்துவிட்டேன்.

"நான் எடுத்தாறேன்" என்று இவர் எழுந்து உள்ளே போனார்.

திரும்பி வந்தபோது நாயை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார். அதன் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார். கழுத்தில் என்னுடைய ரிப்பன். நாய் எங்கள் எல்லாரையும் பார்த்தது, நிமிர்ந்த காது இன்னும் நிமிர்ந்தது. அண்ணி மடியை விரித்து, புடவையைப் பரப்பி, கையை நீட்டி வைத்திருந்தார்.

கீழ்வீட்டில் உண்ணாமலை அக்கா மிக்ஸி போட்டது கேட்டது. மிக்ஸி நின்றது.

"நாயி" என்றார் தாண்டவராயன் அண்ணன். அன்றைக்கு அவர் பேசிய ஒரே வார்த்தை அதுதான்.

அண்ணி நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். இவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அண்ணி கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பக்கத்தில் கிடந்த மஞ்சப்பையைச் சுருட்டி எடுத்து இவர் முதுகில் போட்டார் ஒன்று. அப்புறம் இன்னொன்று.

"நாய்க்காடா வெத்தல பாக்கு வெச்ச?"

"ஷோபாதான்கா சொன்னா."

"அவ கோவத்துல சொல்லியிருப்பாடா! கோவத்துல சொன்னா செஞ்சிருவியா? நான் தெரு முழுக்கச் சொல்லிட்டு வந்திருக்கறேன். என் தம்பி வூட்டுக்குப் புள்ள வந்திருக்குதுன்னு. பட்டுப்பொடவ கட்டிக்கினு வந்திருக்கறேன்டா!"

நாய் தன்னைத்தான் திட்டுகிறார் என்று நினைத்துக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. இவரும் போயிருப்பார், இடமில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் அண்ணி முன்னால் அழுததே இல்லை. மரியாதையாகப் பேசுவது எல்லாம் மறந்துபோய்விட்டது. "இப்ப நம்ப புள்ளன்னு சொன்னீங்களே அண்ணி. அன்னிக்கி நான் கேட்டப்ப மட்டும் ஏன் எழுந்து போனீங்க? மல்லாட்டைய அப்பிடியே போட்டுட்டு எழுந்து போனீங்களே, திரும்பி வரவே இல்லையே?"

அண்ணி யோசித்தார். நிஜமாகவே ஞாபகப்படுத்திப் பார்த்தார்.

"மாடு அவுத்துக்கிச்சி" என்றார்.

"இன்னாது?"

"மாடுமா. லச்சுமி. மொளக்குச்சியப் புடுங்கிக்கினு பக்கத்துக் கொல்லையில எறங்கிடுச்சி. அத்தப் புடிச்சாறதுக்குள்ள நீங்க பஸ் ஏறிட்டீங்க."

இவர் சுவரோடு சுவராக நின்றிருந்தார். எங்கள் பிள்ளை இரண்டு வருஷம் வராமல் இருந்தது ஒரு மாட்டினால் என்று அவருக்கு மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது.

அண்ணி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "பொய் சொல்லக்கூடாது. அன்னிக்கி எனக்கு மனசும் ஒப்பலதான். யாரு வூட்டுதோன்னு இருந்துச்சி. மனசும் ஒப்பல, மாடும் அவுத்துக்கிச்சி. ரெண்டுந்தான். ஆனா அப்பறம் ராத்திரியெல்லாம் யோசிச்சேன். நீங்க மறுபடியும் கேப்பீங்கன்னு இருந்தேன். நீங்க கேக்கவேயில்ல. நீ வந்தா 'வணக்கம் அண்ணி, ஒடம்பு எப்பிடி இருக்குதுங்க'ன்னு கலெக்டர் பொண்டாட்டி மாதிரி பேசிட்டுப் போற. ஒங்கிட்ட எப்பிடிக் கேக்கறது?" டப்பாவைக் கையில் எடுத்தார். "போன தையிலயே இத்த வாங்கி வெச்சிட்டேன்."

நான் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதையும் பார்க்க முடியவில்லை. அண்ணி என் தலையில் கையை வைத்தார், அழுது முடிக்கும்வரை எடுக்கவில்லை.

அப்புறம் கேசரி சாப்பிட்டோம். அண்ணன் இரண்டாம் தடவையும் தட்டை நீட்டினார்.

கை கழுவிவிட்டு வந்த அண்ணி, "சரி, அந்தச் சனியன எடுத்தா" என்றார்.

"எதுக்குக்கா?"

"வெத்தல பாக்கு வாங்கிட்டேன் இல்ல? கை நீட்டி வாங்கிட்டுப் பேர் வெக்காமப் போனா குடும்பத்துக்கு ஆவாது. பொடவய மட்டும் எடுத்து அந்தாண்ட வெய்யி."

நான் புடவையை மடித்து எடுத்தேன். இவர் நாயைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார். பட்டுப்புடவைமேல் ஒரு துண்டை விரித்து அண்ணி அதை மடியில் போட்டுக்கொண்டார், முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டார், மடங்கிய காதை விரலால் தூக்கினார். மூன்று தடவை சொன்னார். "மணி. மணி. மணி."

"அண்ணி, இந்தத் தெருவுல ஏற்கெனவே மூணு மணி இருக்குது."

"இது நாலாவது" என்றார் அண்ணி. "நாய்க்கு இது போதும். நல்ல பேர நாய்க்கு வெச்சி வீணாக்கச் சொல்றியா?"

அரணாக்கொடியையும் மாமியாரின் புடவையையும் அண்ணி எடுத்துக்கொண்டு போகவில்லை. "பீரோல வெய்யி. பொடவைய அப்பப்ப வெயில்ல காட்டு. கொரங்கு தூக்கிக்கினு போயிடப் போவுது, பக்கத்துலயே நில்லு. நாய நம்பாத." இவரிடம், "நாளைக்குக் கடையத் தொறக்காத. தத்துக்கு எங்க போய் எழுதிக் குடுக்கணுமோ இவளக் கூட்டிக்கினு போய் எழுதிக் குடு. இது நான் கோவத்துல சொல்லல, செய்யி" என்றார். தெளிவாகச் சொல்லிவிட்டதால் இவர் மறுநாள் அப்படியே செய்தார்.

எழுதிக் கொடுத்தால் உடனே வந்துவிடாது, வருஷக்கணக்கில் ஆகும் என்று அன்று ஆட்டோ ஏறும் முன்பே அண்ணியிடம் சொல்லிவிட்டேன். அண்ணி ஒரு காலை ஆட்டோவில் வைத்தவர் இறங்கிவிட்டார். நான் உயரம். என் தோளைப் பிடித்துக் குனிய வைத்தார்.

"அதுக்குள்ள எனக்கு எதுனா ஆயிட்டா? ஒங்கிட்ட சொல்லி வெக்கறேன். பையனுக்கு ஒண்ணு, பொண்ணுக்கு ஒண்ணு."

என் காதில் மூன்று தடவை ஒன்றைச் சொன்னார். இன்னொன்றையும் மூன்று தடவை சொன்னார். அவர் மூச்சில் ஏலக்காய் வாசனை அடித்தது. தெருவில் யாரோ "மணி" என்று கூப்பிட்டார்கள், மூன்று நாய்கள் ஓடின. எங்களுடையது வாசலிலேயே உட்கார்ந்திருந்தது.

"இன்னா பேருக்கா?" என்றார் இவர்.

"ஒனக்கெதுக்குடா?" என்றார் அண்ணி. ஆட்டோ போய்விட்டது.

அன்றிலிருந்து இவர் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். நான் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. முதலில் கேட்கவேண்டிய ஆள் இன்னும் வரவில்லை. மறுநாள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். அதற்கு மறுநாள் லேபில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் நான் எத்தனையோ பேரைக் கையை நீட்டச் சொல்லியிருக்கிறேன். அண்ணி காதில் சொன்ன அந்த இரண்டு பேரில் ஒருத்தரும் இதுவரைக்கும் எங்கள் லேபுக்கு வந்ததில்லை.